சனிக்கிழமைச் செய்தி

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆராதனை முடிந்து அறிவிப்புகள் வாசித்தபோது நான் பாட்டுப் புத்தகத்தின் கிழிந்த அட்டையை நகத்தால் நீவிக்கொண்டிருந்தேன். அதனால் பாதிதான் காதில் விழுந்தது. மீதியை அம்மாவின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். முன்வரிசையில் இருந்தவள் கழுத்தை முழுக்கத் திருப்பி என்னைத் தேடினாள். அப்படி ஒரு மலர்ச்சியை அவள் முகத்தில் பார்த்து நாளாயிற்று.

பிரதிஷ்டைப் பண்டிகைக் கூட்டங்களில், வெள்ளி, சனி இரண்டு இரவும், தென் ஆப்பிரிக்காவிலிருந்து வரும் சகோதரி அபிகாயில் மனுவேல் தேவசெய்தி கொடுப்பார். ஞாயிறு பண்டிகை ஆராதனை, அதன்பின் அசனம், சபை முழுவதும் உட்கார்ந்து சாப்பிடும் கறிவிருந்து. வழக்கம்போல.

ஜூன் மாதம் ஐயர் என்னிடம் சொன்னது வேறு. (குருவானவரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம்.) "சனிக்கிழமை ராத்திரிச் செய்தி இந்த வருசம் நீதாம்மா. எத்தனை வருசந்தான் அடுத்தவங்க பேச்சையே பேசிக்கிட்டு இருப்பே" என்றார். நான் கேட்காமலே சொன்னார். அதுதான் விசேஷம்.

பெண்கள் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். அந்த ஒரு காரணத்தால், சமாதானவிளை ஆலயத்துக்கு வெளியிலிருந்து யார் வந்து ஆங்கிலத்தில் பேசினாலும் பக்கத்தில் நின்று தமிழில் சொல்வது என் வேலை. விருந்தினர் "நான் குடிகாரனாக இருந்தேன்" என்றால் நானும் "நான் குடிகாரனாக இருந்தேன்" என்பேன். அவர் "என் மனைவி" என்றால் எனக்கும் மனைவி. இதற்கு ஊரில் யாரும் இப்போது சிரிப்பதுகூட இல்லை. மேடையில் என்னைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும் ஐயர் கூப்பிட்டார். "கெத்சியா, நீ தப்பா எடுத்துக்கிடக் கூடாது. கமிட்டியில ஒரு யோசனை வந்துது."

"பரவாயில்லை ஐயா."

"ட்ரான்ஸ்லேஷன் நீதான் செய்யணும்."

"சரி ஐயா."

எனக்கு இதில் வருத்தம் ஒன்றுமில்லை. விருந்தினர் பிரபலமானவர். சபைக்கு நல்லது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வருத்தமில்லை. பத்தாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்தினேன். கொஞ்சம் கடுமையாகத் திருத்திவிட்டேனோ என்று நாளைக்கு இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வியாழக்கிழமை மாலை எங்கள் வீட்டில் யாரும் பேசக் கூடாது. டி.வி.யில் சகோதரி அபிகாயிலின் நிகழ்ச்சி. அவர் ஆங்கிலத்தில் பேச, சென்னையில் யாரோ ஒரு பெண் தமிழில் குரல் கொடுக்கிறாள். தேன் ஒழுகும் குரல். "என் ஜனமே" என்று அவள் இழுக்கும்போது அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

"நீயும் இந்த மாதிரி உருக்கமாச் சொல்லேண்டி" என்றாள் இன்றைக்கு.

"அவள் எழுதி வைத்துப் படிக்கிறாள் அம்மா. நான் கேட்ட மாத்திரத்தில் சொல்ல வேண்டும்."

"அதுக்கென்ன செய்ய. கேக்கிறவங்களுக்கு உருகணும்லா."

ஒருத்தியைப் பிடிக்கவில்லை என்றால் தாங்கலாம். ஒருத்தியையும் அவளுடைய குரலையும் தனித்தனியாகப் பிடிக்காமல் போவது களைப்பாக இருக்கிறது.

கடைத்தெருவில் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். அபிகாயிலின் படம் வேன் உயரத்துக்கு இருக்கிறது. கீழே ஐயர், சபைச் செயலாளர் செல்லத்துரை அண்ணாச்சி, கமிட்டியார், சமையல் பொறுப்பாளர், ஒலிபெருக்கிக் கடைக்காரர். மொழிபெயர்ப்பவர் பெயர் போடும் வழக்கம் கிடையாது. நான் தேடவில்லை, கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

செல்லத்துரை அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். பிரசங்கியாரை யார் வீட்டில் தங்கவைப்பது என்பதுதான் பேச்சு. எங்கள் ஊரில் இதைத் தீர்மானிப்பது பக்தி இல்லை.

"வெஸ்டர்ன் டாய்லெட் உள்ள வீடுங்கள எண்ணிப் பாத்தோம் மைனி. ஒண்ணு எங்க வீடு, அங்க மராமத்து வேல நடக்கு. இன்னொண்ணு ஐயர் வீடு, அதுல தண்ணி நிக்காது. பெறவு உங்க வீடுதான்."

"எங்களுக்குப் பாக்கியம்" என்றாள் அம்மா. அப்பா கடைசிக் காலத்தில் முட்டி மடக்க முடியாமல் இருந்தபோது கட்டியது அது. அப்பாவுக்காகக் கட்டியதில் செல்லத்துரை அண்ணாச்சியின் விருந்தினர் உட்காரப் போகிறார் என்று அம்மாவுக்குத் தோன்றியதா, தெரியவில்லை.

அவருக்கு என் அறை. என் புத்தகங்களை அரிசி டிரம்முக்குப் பின்னால் அடுக்கியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

வந்துவிட்டார். அவர் பேசுவதெல்லாம் ஆங்கிலம். இங்கே தமிழிலேயே எழுதிவிடுகிறேன், பழகிய வேலைதானே.

டர்பனில் பிறந்து வளர்ந்தவர். பூட்டன் காலத்தில் கரும்பு வெட்டப் போன குடும்பம். தமிழ் முகம், தமிழ் நிறம், வாயில் மட்டும் "நன்றி", "தண்ணி", "கறி" என்று மூன்று சொற்கள். படத்தைவிடக் குள்ளம். குரல்கூட டி.வி.க்காரி குரல் இல்லை. சளி பிடித்தவர் போலக் கரகரக்கிறது. இதைக் கேட்டு அம்மா ஏமாறுவாள் என்று பார்த்தேன். ஏமாறவில்லை.

அவர்கள் இருவருக்கும் நடுவில் நான்.

"பிரயாணம் சொகமா இருந்துதான்னு கேளு." கேட்டேன்.

"உன் அம்மா என் அத்தையைப் போலவே இருக்கிறார் என்று சொல்." சொன்னேன்.

"அய்யோ, எம் புள்ளன்னு சொல்லு." இதையும் சொன்னேன். "என் பிள்ளை" என்று, அம்மாவுக்காக, என் வாயால், அவரைப் பார்த்து.

இரவுச் சாப்பாட்டில் அம்மா அவருக்கு மீனில் முள் எடுத்துக் கொடுத்தாள். எனக்கு எடுத்துக் கொடுத்திருப்பாள், சின்ன வயதில். ஞாபகத்தில் இல்லை.

நல்ல மனுஷிதான் என்று தோன்றுகிறது. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினார். அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

முதல் நாள் கூட்டம். நல்ல கூட்டம். நான் மிகச் சரியாக மொழிபெயர்த்தேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

அவர் ஒரு வேடிக்கைக் கதை சொன்னார். விமான நிலையத்தில் அவர் அத்தை ஊறுகாய்ப் பாட்டிலுக்காகப் போலீஸ்காரரோடு சண்டை போட்ட கதை. சொல்லிவிட்டுச் சிரிப்புக்காகக் காத்திருந்தார். நானும் முழுவதையும், ஊறுகாயின் வகை உட்பட, தமிழில் சொல்லி முடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒரு குழந்தை அழுதது. அவர் என்னைப் பார்த்தார். நான் அடுத்த வாக்கியத்துக்குத் தயாராக இருந்தேன்.

"நான் உடைந்துபோனேன்" என்று அவர் தழுதழுத்த இடத்தில் "நான் மிகுந்த மனவேதனைக்கு உள்ளானேன்" என்றேன். பிழை சொல்ல முடியாது.

வரும் வழியில் அம்மா என்னைக் கடிந்தாள். "கரண்ட் ஆபீஸ்ல பில்லு வாசிக்க மாதிரியில்லா வாசிச்சே. அவிய எம்புட்டு உருகிப் பேசினாவ."

"இருப்பதைத்தான் சொல்ல முடியும் அம்மா."

"இருக்கதுதாட்டி. நேத்து வரைக்கும் வந்த ஆம்பிளைங்களுக்கெல்லாம் நல்லாத்தான சொன்னே."

அபிகாயில் முன்னால் டார்ச் அடித்துக்கொண்டு நடந்தார். திரும்பிப் பார்த்து, "உன் அம்மா என்ன சொல்கிறார்?" என்றார். "பாதையில் பள்ளம் இருக்கிறதாம்" என்றேன்.

ஆகஸ்ட் 30, சனி, மத்தியானம்

சாப்பாடு இப்போதுதான் முடிந்தது. கை கழுவிவிட்டு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அபிகாயில்தான் ஆரம்பித்தார். "உங்கள் மகளும் மேடையில் பேசலாமே, ஏன் பேசுவதில்லை என்று உன் அம்மாவிடம் கேள்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டிருப்பார். நான் அப்படியே கேட்கவில்லை. "பெண்கள் மேடையில் பேசுவதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கிறார்" என்றேன்.

அம்மா சோறு பிசைவதை நிறுத்தினாள். அவரைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. மேடையில் எல்லோரும் என்னைப் பார்க்காமல் இருப்பார்களே, அதேபோல.

"இவளுக்கு சனிக்கிழமைச் செய்தி குடுக்கதா இருந்துது. நான்தான் ஐயர்கிட்ட அழுது வேண்டாம்னேன். உங்களக் கூப்பிடச் சொன்னதும் நான்தான். இவ பேசுனா இவ அப்பா மாதிரியேதான் பேசுவா. அவியளும் ஒரு சனிக்கிழமதான் பேசினாவ. அசனத்துல கீழத்தெரு ஆளுகள ஏன் மூணாம் பந்திக்கு நிக்க வைக்கியன்னு மைக்கப் புடிச்சுக் கேட்டாவ. அந்த டிசம்பர்ல வீடு வீடா வந்து கேரல் பாடுத கூட்டம் எங்க வீட்டத் தாண்டிப் போச்சு. மூணு வருசம். நான் கருப்பட்டிக் காப்பி போட்டு அடுப்புல வச்சுக்கிட்டு வாசல்ல நிப்பேன். பக்கத்து வீட்டுல பாடுவாவ, எங்க வீட்டுக்கு வரும்போது வெளக்கத் தாழ்த்திட்டு நடப்பாவ. திரும்பச் சேத்துக்கிட்டப்ப அவிய கோயிலுக்கு வரமாட்டேன்னுட்டாவ. வராமயே செத்தும் போனாவ. இவளுக்கும் அது வேண்டாம். இதச் சொல்லு."

அபிகாயில் என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

எட்டு வருஷத்தில் நான் திணறியதே இல்லை. எத்தனையோ ஆட்களின் எத்தனையோ பாவங்களை நின்ற இடத்தில் தமிழாக்கியிருக்கிறேன்.

"குழம்பில் உப்பு கூடிவிட்டதாம். மன்னிக்கச் சொல்கிறார்."

அவர் பதறி, அம்மாவைப் பார்த்து நேராகவே கையை ஆட்டினார். "நோ, நோ. ஸால்ட் குட். வெரி குட்." இன்னும் ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டார்.

அம்மா அவரையும் பார்த்தாள், குழம்பையும் பார்த்தாள். பிறகு என் தம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். நல்லவேளை, அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது.

கேரல் வராத அந்த வருஷங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. அம்மா வாசலில் நின்றது நினைவில்லை. நான் உள்ளே புத்தகம் படித்துக்கொண்டிருந்திருப்பேன்.

இன்றைக்கு இரவு அபிகாயில் பேசப்போகும் வேதபகுதியைக் காட்டினார். இரண்டு காலும் முடமான ஒருவனை ராஜா அழைத்துத் தன் பந்தியில் உட்காரவைத்த பகுதி. ஜூன் மாதத்திலிருந்து நான் மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டிருந்ததும் அதே பகுதிதான். அவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு, விடிகாலை

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

அபிகாயிலின் செய்தி எளிமையானது. நீங்கள் எவ்வளவு உடைந்திருந்தாலும் ராஜா உங்களை அழைப்பார், உயர்த்துவார், ஆசீர்வதிப்பார். முதல் கொஞ்ச நேரம் அதைச் சொன்னேன். பிறகு அவர், "அந்த மனிதன் ராஜாவின் பந்தியில் உட்கார்ந்தான்" என்றார். நானும் சொன்னேன். சொன்ன பிறகு கொஞ்சம் விளக்கம் தேவைப்பட்டது. மொழிபெயர்ப்பில் இது உண்டுதான்.

"எத்தனையாவது பந்தியில்?" என்று கேட்டேன்.

கூட்டத்தில் விசிறிகள் நின்றன.

அபிகாயில் அடுத்த வாக்கியத்தைச் சொன்னார். அதில் பாதியைச் சொல்லிவிட்டு நான் தொடர்ந்தேன். அவன் தாங்கித் தாங்கி அரண்மனை வாசலுக்கு வருகிறான். வாசலில் பட்டுவேட்டி கட்டிய ஒருவர் நிற்கிறார். நீ கொஞ்சம் பொறு என்கிறார். பெரிய மனுஷர்கள் சாப்பிட்டு எழுந்திருக்கட்டும் என்கிறார். முதல் பந்தி போகிறது. இரண்டாம் பந்தி போகிறது. கறி தீர்ந்து எலும்பு வருகிறது, எலும்பும் தீர்ந்து வெந்நீரில் மஞ்சள் நிறம் வருகிறது. அப்போது, இப்போ வா என்கிறார். சாப்பிட்டு முடித்ததும் அண்டாவைக் கழுவிவிட்டுப் போ என்கிறார். ராஜாவுக்கு இது தெரியுமா? ராஜா உள்ளே இலையைப் போட்டுக்கொண்டு, கூப்பிட்டவன் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவன் வரும்வரை ராஜாவும் சாப்பிடவில்லை. நாம் எல்லோரும் சாப்பிட்டுவிட்டோம், ராஜா சாப்பிடவில்லை.

அபிகாயில் இரண்டு முறை என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய வாக்கியம் ஒன்று, என்னுடையவை பத்து. நான் தலையசைத்தேன். அவர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அப்படி அமர்ந்திருந்தது. அவர் இன்னொரு வாக்கியத்தைக் கொடுத்தார். அதற்குப்பின் சின்னச் சின்ன வாக்கியங்களாகவே கொடுத்தார், எனக்கு இடம் விட்டு.

மேடையில் ஐயர் இருந்தார். அவருக்கு நல்ல ஆங்கிலம் தெரியும். முதலில் நிமிர்ந்தார். பிறகு தரையைப் பார்த்தார். நடுவில் எழுந்துவந்தார், மைக்கை அணைக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் பக்கம் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

பள்ளியில் என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியைகள் நாலு பேர் கீழே இருந்தார்கள். அவர்களுக்கும் புரிந்திருக்கும். யாரும் எழுந்திருக்கவில்லை.

முடிந்ததும் ஜெபத்துக்கு வரிசை நின்றது. அதுவும் வழக்கம், விருந்தினர் கையை வைத்து ஜெபிப்பார், நான் பக்கத்தில் நிற்பேன். முதலில் வந்தது கீழத்தெரு மரியதங்கம் அக்கா. அசனத்து அண்டாக்களை வருஷாவருஷம் கழுவுகிறவர். அபிகாயிலின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எங்க வீட்டுல பொறந்த புள்ள கூட இப்படிப் பேசாதும்மா. நான் செத்தாலும் மறக்க மாட்டேன்."

குனிந்து காலைத் தொட்டார். அபிகாயிலின் காலை. நான் ஓரடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன், செருப்போடு.

"என்ன சொல்கிறார்?"

"செய்திக்காக நன்றி சொல்கிறார்."

"எந்த இடம் அவரைத் தொட்டதாம்?"

"பந்தி."

அவர் சந்தோஷப்பட்டார். அடுத்தடுத்து வந்தவர்களும் அவரையே பிடித்துக்கொண்டு அழுதார்கள். "இவிய மாதிரி யாரும் பேசுனதில்ல" என்று என்னிடமே சொன்னார்கள், அவரிடம் சொல்லச் சொல்லி. நானும் சொன்னேன். எத்தனை முறை சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் கசந்துவிட்டது.

கடைசியில் செல்லத்துரை அண்ணாச்சி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"கெத்சி, எங்க அசனத்தப் பத்தி, பந்தியப் பத்தி, இவியளுக்கு யாரு சொன்னாவ? அதக் கேளு."

அபிகாயில் என்னைப் பார்த்தார். "காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிறார்" என்றேன்.

"தயவுசெய்து. சர்க்கரை வேண்டாம்."

அண்ணாச்சி காத்திருந்தார். நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"யாரும் சொல்லலையாம் அண்ணாச்சி. ஜெபத்துல தெரிஞ்சுதாம்."

அவர் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தார். "கர்த்தாவே" என்றார், மெதுவாக. போய்விட்டார்.

சர்க்கரை போடாத காபியை நான்தான் போய் வாங்கி வந்தேன்.

அந்த ஒன்றை மட்டும் சொல்லியிருக்கக் கூடாது. மற்றதெல்லாம் விளக்கம். அது பொய். அதுவும் யார் பெயரில்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு, சாயங்காலம்

ஆராதனையில் அண்ணாச்சியே அறிவிப்பு வாசித்தார். "கர்த்தர் தம்முடைய ஊழியக்காரி மூலமா நம்மகூட பேசியிருக்காரு. கமிட்டி காலையில கூடித் தீர்மானம் பண்ணியிருக்கு. இன்னைக்கு அசனத்துல இவங்களுக்கு இந்தப் பந்தின்னு கிடையாது. வாரவங்க வார வரிசையில உக்காரலாம்."

அப்பா சொன்னபோது மைக்கைப் பிடுங்கினார்கள். இத்தனை வருஷம் கழித்து அதையே ஒரு கடல் தாண்டி வந்தவர் சொன்னதாக நினைத்ததும் காலையிலேயே கமிட்டி கூடிவிட்டது. என் பெயரில் நான் சொல்லியிருந்தால் நடந்திருக்காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆறவில்லை. கோயிலில் எல்லோரும் அபிகாயிலைப் பார்த்தார்கள். அவர் புரியாமல் புன்னகைத்துக்கொண்டிருந்தார், அழகாக.

எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று எழுதினால் பொய். இரண்டு மூன்று குடும்பங்கள் சாப்பிடாமலே போய்விட்டன. மரியதங்கம் அக்கா முதல் பந்தியில் உட்கார்ந்தபோது எதிரே இருந்த அண்ணாச்சி மனைவி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. கறி எல்லா இலைக்கும் வந்தது. மரியதங்கம் அக்கா ஒரு துண்டை எடுத்துச் சாப்பிடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாடு முடிந்ததும் கீழத்தெருப் பெண்கள் பழக்கத்தில் எழுந்து அண்டாக்கள் பக்கம் போனார்கள். அண்டா கழுவும் பகுதியை அபிகாயிலின் செய்தியில் யாரும் கவனிக்கவில்லை போலும். அம்மா கவனித்தாள். பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளரான அவள், பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பெரிய அண்டாவுக்குப் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தாள். "அந்தச் சாம்பல இங்க தள்ளு" என்றாள். கொஞ்சம் கழித்து ஐயர் வீட்டம்மாவும் போய் உட்கார்ந்தார்.

நானும் போக எழுந்தபோது அபிகாயில் என் கையைப் பிடித்தார். "வீட்டுக்கு வா. கார் வருவதற்குள் பேச வேண்டும்."

என் அறையில், என் கட்டிலில் அவருடைய பெட்டி திறந்து கிடந்தது. கதவைச் சாத்தினார்.

"உட்கார். நேற்று நான் என்ன பேசினேன் என்று சொல்."

மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆங்கிலத்தில் முழுவதையும் சொன்னேன். முதல்முறையாக, ஒரே ஆளுக்கு, பக்கத்தில் யாரும் நிற்காமல். பட்டுவேட்டிக்காரர், மஞ்சள் வெந்நீர், சாப்பிடாத ராஜா. அவர் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே கேட்டார். அப்பாவைச் சொன்னேன். உப்பைச் சொன்னேன். காபியையும் ஜெபத்தையும் சொன்னேன்.

சேலையை மடித்துப் பெட்டியில் வைத்தார்.

"பத்து நாடுகளில் பேசியிருக்கிறேன்" என்றார். "அழுதிருக்கிறார்கள். கைதட்டியிருக்கிறார்கள். நான் பேசியதைக் கேட்டு ஒருவரும் உட்கார்ந்த இடத்தை மாற்றியதில்லை. எனக்கு உன் மேல் பொறாமையாக இருக்கிறது."

இந்த மாதம் முழுவதும் இந்தப் பக்கங்களில் நான் எழுதாமல் சுற்றிச் சுற்றிப் போன சொல்லை, அவர் பெட்டியின் ஜிப்பை இழுத்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

"எனக்கு உங்கள் மேல்" என்றேன். "இப்போதுகூட."

"தெரியும். வெள்ளிக்கிழமை என் ஊறுகாய்க் கதையைக் கொன்றாயே."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "பேசியது இருக்கட்டும். அது என் பெயரில் வந்ததில் எனக்குப் பெருமைதான். ஆனால் ஜெபத்தில் தெரிந்தது என்றாயே, அதை நீதான் சரிசெய்ய வேண்டும். நான் போன பிறகு அந்த மனிதரிடம் போய்ச் சொல். என் பெயரில் இருப்பதைத் தாங்குவேன். கர்த்தர் பெயரில் இருக்கக் கூடாது."

"சொன்னால் அடுத்த வருஷம் பழையபடி ஆகிவிடும்."

"ஆகலாம்."

வாசலில் கார் வந்துவிட்டது. அவர் கேட்டார்: "இந்தச் செய்தியை நான் டர்பனில் பேசலாமா?"

"கூடாது."

யோசிக்காமல் வந்துவிட்டது. அவர் புருவத்தை உயர்த்தினார்.

"அது என்னுடையது" என்றேன்.

"நல்லது" என்றார். அதில் கோபம் இல்லை. கொஞ்சம் வருத்தம் இருந்தது. அதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

அம்மா கையில் முறுக்குப் பொட்டலத்தோடு வந்தாள். அண்டாக் கரி இன்னும் முழங்கையில் இருந்தது. அபிகாயில் அவளைக் கட்டிக்கொண்டார். கார் தெருமுனை திரும்பும்வரை நின்றோம். உள்ளே வந்ததும் அம்மா கேட்டாள்.

"அறைக்குள்ள என்னட்டி அம்புட்டு நேரம்? என்ன சொன்னாவ?"

"குழம்பு நல்லா இருந்துதாம். உப்பு சரியா இருந்துதாம்."

அம்மா கையைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"நேத்தும் உப்பு சரியாத்தான் இருந்துது."

நான் நின்றுவிட்டேன்.

"கேரலப் பத்தி, உங்க அப்பாவப் பத்தி அம்புட்டுச் சொல்லியிருக்கேன். அந்தப் புள்ள ஸால்ட்டு ஸால்ட்டுன்னு கைய ஆட்டுது. எனக்குத் தெரியாதா? ராத்திரி நீ மேடையில நின்னு எத்தனாவது பந்தின்னு கேட்ட ஒடனே எங்கண்ணு நெறஞ்சிட்டு. உங்க அப்பாதான் பேசுதாவன்னு இருந்துது. பெறவு பாத்தா, இல்ல. அவிய இம்புட்டு நல்லாப் பேச மாட்டாவ. கோவத்துல கத்திருவாவ."

அடுப்படியில் உட்கார்ந்தோம். ஜெபத்தில் தெரிந்ததாக நான் சொன்ன பொய்யைச் சொன்னேன். நாளைக்குச் செல்லத்துரை அண்ணாச்சியிடம் போய் ஒப்புக்கொள்ளப் போவதைச் சொன்னேன். அம்மா கரியைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள். வேண்டாம் என்று சொல்வாள் என்று பார்த்தேன்.

"டிசம்பர்ல கேரல் வராது" என்றாள்.

"வராது."

கரி போன முழங்கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

"வராட்டா கருப்பட்டி மிச்சம்" என்றாள். "எத்தன மணிக்குப் போணும்னு சொல்லு. நானும் வாரேன்."